கேள்வி – பதில்: மரபணு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா?

உட்கருவுக்குள் டி.என்.ஏ.வும் அதைச் சுமக்கும் புரதங்களும் சேர்ந்த குரோமாட்டின் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பள்ளி ஆசிரியர்கள், ஆய்வக மாணவர்கள், தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய் உள்ள குடும்பத்தார் என்று பல தரப்பிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். அதனால் சில பதில்கள் அடிப்படையிலிருந்து தொடங்கும்; சிலவற்றை ஆய்வகத்தில் கைநனைத்தவர்களே முழுதாகப் பின்தொடர முடியும்.

கேள்வி: தோல் செல்லிலும் மூளைச் செல்லிலும்கூட ஹீமோகுளோபின் மரபணு இருக்கிறது, ஆனால் அங்கே மூடப்பட்டிருக்கிறது என்று பாடத்தில் சொல்கிறோம். அப்படி மூடியிருப்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா? – மேல்நிலைப் பள்ளி விலங்கியல் ஆசிரியர், கும்பகோணம்

கண்ணால் பார்க்கவில்லை. ஒரு நொதியை விட்டு வெட்டவைத்து, எது வெட்டுப்படுகிறது, எது தப்பிக்கிறது என்று பார்த்தார்கள். அந்தச் சோதனையை வகுப்பிலேயே சொல்லலாம். முதலில் சில அளவுகள்.

மனித செல் ஒன்றின் டி.என்.ஏ. சுமார் 640 கோடி கார இணை (டி.என்.ஏ. ஏணியின் ஒரு படி ஒரு கார இணை). நீட்டிப் பிடித்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும். அது அடங்கியிருக்கும் உட்கருவோ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். இவ்வளவையும் அடக்க, டி.என்.ஏ. ஹிஸ்டோன் புரதங்களின் மேல் சுற்றிக்கொள்கிறது. எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 ஆகிய நான்கிலும் இரண்டிரண்டு சேர்ந்து எட்டுப் புரதங்களின் தொகுப்பு ஒன்று உருவாகிறது. அதைச் சுற்றி 147 கார இணை, சுமார் ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகப் படிகிறது. இதுதான் நியூக்ளியோசோம். அடுத்தடுத்த இரண்டு நியூக்ளியோசோம்களுக்கு நடுவே சில பத்துக் கார இணை நீளத்தில் இணைப்புப் பகுதி உண்டு. சராசரியாக 200 கார இணைக்கு ஒன்று என்று வைத்தால், ஒரு செல்லில் மூன்று கோடி நியூக்ளியோசோம்கள். ரோஜர் கோர்ன்பெர்க் 1974-இல் இந்த மாதிரியை முன்வைத்தார். 1997-இல் கரோலின் லூகர், டிமோத்தி ரிச்மண்ட் குழுவினர் அதன் எக்ஸ்-கதிர் படிக அமைப்பை 2.8 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் வெளியிட்டார்கள்.

இனி சோதனை. 1976-இல் ஹரால்ட் வைன்ட்ராப், மார்க் குரூடீன் இருவரும் கோழிக் கருவின் சிவப்பணுக்களிலிருந்து உட்கருக்களைப் பிரித்தெடுத்து, டி.என்.ஏஸ்-1 என்ற நொதியைச் சிறிதளவு சேர்த்தார்கள். மொத்த டி.என்.ஏ.வில் பத்து, இருபது சதவீதம் கரையும் வரைதான் விட்டார்கள். மிஞ்சிய டி.என்.ஏ.வில், ஹீமோகுளோபினின் புரதப் பகுதிக்கான குளோபின் மரபணு எவ்வளவு இருக்கிறது என்று கதிரியக்க அடையாளமிட்ட குளோபின் துண்டுடன் ஒட்டவைத்துப் பார்த்தபோது, அதில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ கரைந்தபோது, அந்தக் கரைந்த பங்கில் குளோபின் முந்திக்கொண்டு போயிருக்கிறது. அதே கோழியின் மூளைச் செல்லிலும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லிலும் செய்தபோது குளோபின் அப்படிப் போகவில்லை. சிவப்பணுவிலேயே ஓவால்புமின் மரபணுவைத் தேடினார்கள். முட்டையின் வெள்ளைக்கருப் புரதத்துக்கான அந்த மரபணுவுக்குச் சிவப்பணுவில் வேலையே இல்லை. அது பத்திரமாக இருந்தது. அதே ஆண்டு கேரல், ஆக்ஸல் இருவரும் கோழியின் முட்டைக்குழாய்ச் செல்லில் இதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள்: அங்கே ஓவால்புமின்தான் முதலில் வெட்டுப்பட்டது.

மாணவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. வெட்டுப்படுகிறது என்றால் அங்கே நியூக்ளியோசோமே இல்லை என்று எழுதிவிடுவார்கள். வைன்ட்ராபும் குரூடீனும் அதையும் சோதித்தார்கள். மைக்ரோகாக்கல் நியூக்ளியேஸ் என்ற இன்னொரு நொதி, நியூக்ளியோசோம்களுக்கு நடுவில் உள்ள இணைப்புப் பகுதியில் வெட்டும். அதை விட்டு நியூக்ளியோசோம்களைத் தனித்தனியாகப் பிரித்தபோது, குளோபின் மரபணுவும் அவற்றுக்குள் இருந்தது. ஆக வேலை செய்யும் மரபணுவின் உடற்பகுதியில் நியூக்ளியோசோம் இருக்கிறது; அதன் நிலைதான் மாறியிருக்கிறது. நியூக்ளியோசோம் உண்மையிலேயே விலகி நிற்பது புரோமோட்டர் (படியெடுத்தல் தொடங்கும் இடம்), என்ஹான்சர் (அதைத் தள்ளி நின்று முடுக்கும் இடம்) போன்ற கட்டுப்பாட்டுப் பகுதிகளில். சில நூறு கார இணை நீளமுள்ள அந்த இடங்களைத்தான் டி.என்.ஏஸ்-1 அதிநுண்ணுணர்வு இடங்கள் என்கிறோம். கார்ல் வூவும் சாரா எல்ஜினும் பழ ஈயில் 1979, 1980-ஆம் ஆண்டுகளில் இவற்றைக் காட்டினார்கள்.

கேள்வி: இந்தச் சோதனைக்கு ஏன் கோழி ரத்தம்? எலி, முயல் கிடைக்கவில்லையா? – இளங்கலை மாணவர், பாளையங்கோட்டை

பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது. பறவைகளுக்கு உண்டு. கோழி ரத்தம் ஒரு மில்லி லிட்டரில் சுமார் 300 கோடி சிவப்பணுக்கள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 2.5 பிக்கோகிராம் டி.என்.ஏ. கணக்குப் போட்டால் ஒரே மில்லி லிட்டரில் 7.5 மில்லிகிராம் வருகிறது. செல் வளர்ப்புத் தட்டில் இந்த அளவு சேர்க்க நாள்கணக்கில் ஆகும். அத்துடன் அநேகமாக ஒரே வகைச் செல். கலவைத் திசுவில் சோதித்தால் ஒரு செல்லின் திறப்பும் பக்கத்துச் செல்லின் மூடலும் சேர்ந்து அரைகுறையாகத் தெரியும். முட்டை அடைகாக்கும் நாளைப் பொறுத்துக் கருப்பருவ ஹீமோகுளோபின் செய்யும் செல்களையும் வளர்ந்த பருவ ஹீமோகுளோபின் செய்யும் செல்களையும் தனித்தனியே எடுக்க முடிவது மூன்றாவது வசதி.

கேள்வி: கோழிச் சிவப்பணு உட்கருவில் டி.என்.ஏஸ்-1 சோதனை செய்தேன். நொதியே சேர்க்காத குழாயிலும் டி.என்.ஏ. இழுவிப்போய்த் தெரிகிறது. இன்னொரு முறை உட்கரு முழுவதும் கஞ்சிபோலக் கெட்டியாகிவிட்டது. எங்கே தவறுகிறது? – எம்.எஸ்ஸி. மாணவி, கோயம்புத்தூர்

இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். முதலில், நொதி இல்லாத குழாய் ஒன்று வைத்தால் போதாது, இரண்டு வேண்டும். ஒன்று பனியிலேயே இருக்க வேண்டும். மற்றது மற்றக் குழாய்களுடன் 37 டிகிரிக்குப் போய்வர வேண்டும். பனியில் இருந்தது நன்றாகவும், 37 டிகிரிக்குப் போனது இழுவியும் இருந்தால், செல்லின் சொந்த நியூக்ளியேஸ் கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறது. இரண்டுமே இழுவியிருந்தால் பிரச்சினை அதற்கு முன்பே, உட்கரு பிரிக்கும்போதோ, அல்லது அதற்குப் பின்பு டி.என்.ஏ. சுத்தம் செய்யும்போதோ நடந்திருக்கிறது. இது தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் ஒரு மாதம் வீண்.

சொந்த நியூக்ளியேஸை அடக்க, உட்கரு பிரிக்கும் கரைசலில் 0.15 மில்லிமோலார் ஸ்பெர்மின், 0.5 மில்லிமோலார் ஸ்பெர்மிடின், கொஞ்சம் இ.டி.டி.ஏ. சேர்ப்பார்கள். ஆனால் நொதி சேர்க்கும் முன் இ.டி.டி.ஏ. இல்லாத கரைசலில் கழுவியாக வேண்டும். டி.என்.ஏஸ்-1-க்கு மக்னீசியம் தேவை, இ.டி.டி.ஏ. அதைப் பறித்துக்கொண்டால் எல்லாக் குழாயும் ஒரே மாதிரி வெட்டுப்படாமல் இருக்கும், நொதி கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்குவீர்கள்.

கஞ்சியாவது உட்கரு உடைந்து குரோமாட்டின் வெளியே வருவதால். சவ்வு கரைப்பானின் அளவு கூடினாலோ, அதில் வைத்திருக்கும் நேரம் நீண்டாலோ, மக்னீசியம் குறைந்தாலோ இது நடக்கும். பழக்கத்தில் உள்ள கரைசல்: 10 மில்லிமோலார் டிரிஸ் (பி.எச். 7.4), 10 மில்லிமோலார் உப்பு, 3 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடு, 0.1 முதல் 0.5 சதவீதம் என்.பி.-40. பனியில் ஐந்து முதல் பத்து நிமிடம். பிறகு 500 ஜி வேகத்தில் ஐந்து நிமிடம் சுழற்றுங்கள். ஒரு துளியை டிரைபான் நீலத்தில் கலந்து நுண்ணோக்கியில் பாருங்கள்: அநேகமாக எல்லாமே நீலமாக, ஓரம் சீராக, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வேண்டும். ஓரம் கிழிந்து நூல்நூலாகத் தெரிந்தால் அந்தத் தொகுதியை அப்படியே விட்டுவிடுங்கள். அதைக் காப்பாற்றி எடுத்த முடிவை நம்ப முடியாது. ரத்தம் உறையாமலிருக்க சிட்ரேட்டோ இ.டி.டி.ஏ.வோ போட்டிருந்தால் குளிர்ந்த பாஸ்பேட் உப்புநீரில் இரண்டு முறை கழுவுவதும் முக்கியம். அவை மிச்சமிருந்தால் மக்னீசியத்தைக் குடித்துவிடும்.

அடுத்து அளவு. உட்கருவை எண்ணுவதைவிட, சிறிதளவைக் காரத்தில் கரைத்து 260 நானோமீட்டரில் படித்து டி.என்.ஏ. அளவைக் கணிப்பது நம்பகமானது. மில்லி லிட்டருக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம் டி.என்.ஏ. இருக்கும்படி சமப்படுத்துங்கள். நொதியை மில்லி லிட்டருக்கு 1, 2, 4, 8, 16, 32, 64 அலகு என்று இரட்டித்துக்கொண்டே போங்கள். 37 டிகிரியில் மூன்று நிமிடம். இந்த எண்கள் தொடக்கம்தான். டி.என்.ஏஸ்-1 ஒரு புட்டிக்கும் அடுத்த புட்டிக்கும் வீரியம் மாறும், புதிய புட்டியில் முன்னோட்டம் பார்க்காமல் பெரிய சோதனையில் இறங்கக் கூடாது. இந்த நொதியை வோர்டெக்ஸில் வைத்து ஆட்டவும் கூடாது. ஆட்டினாலே செயலிழக்கும். குழாயை மெல்லக் கவிழ்த்துக் கலக்குங்கள்.

நிறுத்த, 20 மில்லிமோலார் இ.டி.டி.ஏ., 1 சதவீதம் எஸ்.டி.எஸ். உள்ள கரைசலைச் சம அளவு சேர்த்து, புரோட்டினேஸ்-கே விட்டு 55 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். பைப்பெட் நுனியை வெட்டி அகலமாக்கிப் பயன்படுத்துங்கள். குறுகிய நுனியில் நீண்ட டி.என்.ஏ. அறுபடும். அந்த அறுபடலையும் நொதியின் வெட்டு என்று எண்ணிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

பிறகு ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதியால் வெட்டி, குழிக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை அகரோஸ் ஜெல்லில் ஓட்டி, சதர்ன் பிளாட் செய்கிறீர்கள் அல்லவா? புரோப் அந்த ரெஸ்ட்ரிக்‌ஷன் துண்டின் ஒரு நுனியை ஒட்டி, 200 முதல் 500 கார இணைக்குள் இருக்கட்டும். நுனியிலிருந்து அளந்தால்தான் வெட்டு எந்த இடத்தில் விழுந்தது என்று நேரடியாகப் படிக்க முடியும். புரோப் துண்டின் நடுவில் இருந்தால் பட்டையை எந்த நுனியிலிருந்து அளப்பது என்று தெரியாமல் குழப்பும். முழுத்துண்டின் பட்டை மங்கும்போது புதிய சிறு பட்டை தோன்றி, நொதி மேலும் கூடும்போது அதுவும் மறையும். நடுவில் உள்ள இரண்டு மூன்று குழாய்களில்தான் செய்தி இருக்கிறது. ஒரே ஒரு அளவில் சோதித்துவிட்டு இங்கே எதுவும் இல்லை என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியைத் தவறவிட்டவர்கள்.

கடைசியாக, புரதம் நீக்கிய வெறும் டி.என்.ஏ.வுக்கும் அதே நொதியை மிகக் குறைந்த அளவில் விட்டு ஒரு வரிசை ஓட்டுங்கள். டி.என்.ஏஸ்-1 எல்லா எழுத்து வரிசையையும் ஒரே மாதிரி வெட்டுவதில்லை. வெறும் டி.என்.ஏ.விலும் அதே பட்டை வந்தால், அது நொதியின் விருப்பமே தவிர குரோமாட்டினின் திறப்பு அல்ல.

கேள்வி: அப்படியானால், திறந்த இடத்தைக் கண்டுபிடித்தால் அந்த மரபணு வேலை செய்கிறது என்று எழுதிவிடலாமா? – ஆய்வு மாணவர், சென்னை

எழுதக் கூடாது. கடையின் ஷட்டரைத் தூக்கியிருப்பது வேறு, வியாபாரம் நடப்பது வேறு.

நல்ல சான்று பழ ஈயின் எச்.எஸ்.பி.70 என்ற வெப்ப அதிர்ச்சி மரபணு. ஈ 25 டிகிரியில் சுகமாக இருக்கும்போது இந்த மரபணுவின் ஆர்.என்.ஏ. அநேகமாக இல்லை. ஆனால் அதன் புரோமோட்டர் அப்போதே டி.என்.ஏஸ்-1-க்குத் திறந்திருக்கிறது. 1988-இல் ரூக்வீ, லிஸ் இருவரும் இன்னும் ஒன்றைக் காட்டினார்கள்: படியெடுக்கும் நொதியான ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் ஏற்கெனவே ஏறி, 20 முதல் 40 எழுத்துகள் வரை படியெடுத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருக்கிறது. வெப்பம் ஏறியதும் விடுபட்டு ஓடுகிறது. பின்னர் மனித செல்களிலும் இப்படிக் காத்திருக்கும் பாலிமரேஸ் ஏராளமான மரபணுக்களில் தென்பட்டது.

கோழியின் பீட்டா குளோபின் தொகுதியில் இது இன்னும் நுட்பமாகத் தெரிகிறது. வளர்ந்த பருவச் சிவப்பணுவில், தொகுதி முழுவதுமே, கருப்பருவ மரபணுக்களையும் சேர்த்து, டி.என்.ஏஸ்-1-க்கு ஓரளவு இளகியிருக்கிறது. புரோமோட்டர்களில் அதிநுண்ணுணர்வு இடமோ அந்தப் பருவத்தில் வேலை செய்யும் மரபணுவின் முன்னால் மட்டும். பரந்த இளக்கம் ‘இந்த வட்டாரம் இந்தச் செல்லுக்குரியது’ என்கிறது, கூர்மையான திறப்பு ‘இங்கே புரதங்கள் உட்கார்ந்திருக்கின்றன’ என்கிறது. ஆர்.என்.ஏ. ஓடுகிறதா என்பதற்கு ஆர்.என்.ஏ.வையே அளக்க வேண்டும், வேறு வழியில்லை. திறந்த இடத்தில் அடக்கும் புரதமும் உட்காரலாம், எல்லையிடும் புரதமும் உட்காரலாம். உங்கள் கட்டுரையில் ‘அணுகத்தக்க நிலை’ என்று எழுதுங்கள். ‘செயல்படுகிறது’ என்பதை ஆர்.என்.ஏ. அளவு கையில் வந்த பிறகு எழுதலாம்.

கேள்வி: குரோமாட்டின் திறப்பதால் மரபணு வேலை செய்கிறதா, வேலை செய்வதால் திறக்கிறதா? – கல்லூரிப் பேராசிரியர், யாழ்ப்பாணம்

இதற்கு மிகத் தெளிவான விடை ரொட்டி ஈஸ்ட்டின் பி.எச்.ஓ.5 மரபணுவிலிருந்து வந்தது. பாஸ்பேட் பஞ்சம் வந்தால் மட்டும் ஈஸ்ட் அமில பாஸ்பேட்டேஸ் செய்யும்; அதற்கான மரபணு இது. பாஸ்பேட் நிறைய இருக்கும்போது புரோமோட்டரின் மேல் நான்கு நியூக்ளியோசோம்கள் இடம் மாறாமல் உட்கார்ந்திருக்கும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே சிறு சந்து. பி.எச்.ஓ.4 என்ற புரதம் உட்காரும் இடங்களில் ஒன்று அந்தச் சந்தில், இன்னொன்று இரண்டாவது நியூக்ளியோசோமுக்குள் மறைந்திருக்கிறது. படியெடுத்தல் தொடங்கத் தேவையான டாட்டா பெட்டி என்ற குறுகிய எழுத்து வரிசை முதலாவதற்குள். பாஸ்பேட் தீர்ந்ததும் நான்கும் கலைந்து, ஏறத்தாழ 600 கார இணைப் பகுதி வெட்டும் நொதிகளுக்குத் திறந்துவிடுகிறது. ஹெர்ஸ் குழுவினர் 1986-இல் இதைக் காட்டினார்கள்.

இனி உங்கள் கேள்வி. டாட்டா பெட்டியைக் கெடுத்துவிட்டார்கள். படியெடுத்தல் நின்றுபோனது. நியூக்ளியோசோம்களோ வழக்கம்போல் கலைந்தன. ஆகவே கலைவது படியெடுத்தலின் விளைவு அல்ல. எதிர்த் திசையில், 1988-இல் ஹான், குரூன்ஸ்டீன் இருவரும் ஈஸ்ட்டில் எச்4 ஹிஸ்டோன் உற்பத்தியை நிறுத்தினார்கள். நியூக்ளியோசோம் குறைந்ததும், பாஸ்பேட் தாராளமாக இருந்தபோதே பி.எச்.ஓ.5 வேலை செய்யத் தொடங்கியது. அதாவது நியூக்ளியோசோம் வெறும் மூட்டை கட்டும் பொருள் அல்ல, தடை போடும் பொருள்.

பழ ஈயின் எச்.எஸ்.பி.70-இலும் வெப்பம் ஏறி அரை நிமிடத்துக்குள், பாலிமரேஸ் ஓடி முடிப்பதற்கு முன்பே, மரபணு நெடுக நியூக்ளியோசோம்கள் குலைகின்றன என்று பெடெஷ், லிஸ் இருவரும் 2008-இல் காட்டினார்கள்.

மறுபக்கமும் உண்மைதான். எச்3-இன் 36-ஆவது லைசினில் மூன்று மெத்தில் வைக்கும் செட்2 நொதி, ஓடும் பாலிமரேஸைப் பிடித்துக்கொண்டே போய் வழிநெடுகக் குறியிடுகிறது. அந்தக் குறி படியெடுத்தலின் தடம். எனவே புரோமோட்டர் திறப்பு முன்னால் வருகிறது, மரபணு உடற்பகுதியின் குறிகளில் பல பின்னால் வருகின்றன. இரண்டையும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் விடை சொல்ல முயல்வதால்தான் கருத்தரங்குகளில் இந்த விவாதம் முடிவதில்லை.

கேள்வி: அசிட்டைல் என்றால் திறப்பு, மெத்தில் என்றால் மூடல். இது சரியா? – போட்டித் தேர்வு எழுதுபவர், மதுரை

முதல் பாதி பெரும்பாலும் சரி. லைசினின் நேர்மின்னேற்றத்தை அசிட்டைல் நீக்குகிறது, டி.என்.ஏ.வுடனான பிடி தளர்கிறது. அசிட்டைலை அடையாளம் காணும் புரதங்களும் வந்து ஒட்டுகின்றன. இரண்டாம் பாதி தவறு. மெத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். எச்3-இல் 4-ஆவது லைசினில் மூன்று மெத்தில் என்றால் செயல்படும் புரோமோட்டர். 36-ஆவதில் என்றால் படியெடுக்கப்படும் மரபணுவின் உடற்பகுதி. 27-ஆவதில் மூன்று மெத்தில் என்றால் பாலிகோம்ப் புரதங்களின் அடக்கம். 9-ஆவதில் மூன்று என்றால் ஹெட்டிரோகுரோமாட்டின், அதாவது இறுகிய குரோமாட்டின். 27-ஆவது லைசினில் அசிட்டைல் இருந்தால் செயல்படும் என்ஹான்சர், புரோமோட்டர். ஒரே லைசினில் மெத்திலும் அசிட்டைலும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. தேர்வில் இதைக் கேட்பார்கள்.

கேள்வி: என் அண்ணன் மகளுக்குத் தலசீமியா. பீட்டா குளோபின் மரபணுவில் எழுத்துப் பிழை என்றார்கள். மரபணு நன்றாக இருந்தும் அது வேலை செய்யாத வகையும் உண்டு என்று ஒரு மருத்துவர் சொன்னார். உண்மையா? புதிய சிகிச்சைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? – வாசகி, சேலம்

உண்மை, ஆனால் அரிது. பெரும்பாலான பீட்டா தலசீமியா, மரபணுவுக்குள்ளேயோ அதை ஒட்டியோ நேரும் சிறு மாற்றத்தால் வருகிறது. உங்கள் வீட்டுக் குழந்தைக்கு எது என்பதை மரபணுப் பரிசோதனை அறிக்கையே சொல்லும்.

மருத்துவர் சொன்ன வகைக்குப் பெயர்பெற்ற உதாரணம் ஹிஸ்பானிக் வகை நீக்கம். 11-ஆவது குரோமோசோமில் குளோபின் மரபணுக்களுக்கு முன்னால் லோகஸ் கன்ட்ரோல் ரீஜன் என்ற பகுதி உண்டு; அதில் ஐந்து அதிநுண்ணுணர்வு இடங்கள் வரிசையாக உள்ளன. இந்த வகையில் சுமார் 35,000 கார இணை போய்விடுகிறது. பீட்டா மரபணுவில் ஒரு எழுத்தும் மாறவில்லை, ஆனாலும் அது பேசாமல் கிடக்கிறது. ஃபாரெஸ்டர் குழுவினர் 1990-இல் பார்த்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார இணை நீளத்துக்குக் குரோமாட்டின் டி.என்.ஏஸ்-1-க்கு இறுகிப்போயிருந்தது, செல் பிரியும்போது தாமதமாகவே இரட்டிப்பும் ஆனது. இதைக் கொண்டு, வட்டாரத்தைத் திறப்பது அந்தப் பகுதிதான் என்று பாடநூல்கள் எழுதின. பின்னர் எலியில் அந்தப் பகுதியை மட்டும் துல்லியமாக நீக்கியபோது, குளோபின் உற்பத்தி வழக்கத்தில் சில சதவீதமாக விழுந்தது, ஆனால் குரோமாட்டின் திறந்தபடியே இருந்தது. ஆக, திறப்பதும் முடுக்குவதும் தனித்தனி வேலைகள். பல பாடநூல்களில் இந்தத் திருத்தம் இன்னும் ஏறவில்லை.

புதிய சிகிச்சைக்குத் தொடர்பு நேரடியானது. கருவில் இருக்கும்போது நமக்கு காமா குளோபின் இருக்கிறது. பிறந்த பிறகு பி.சி.எல்.11ஏ என்ற புரதம் அதை அடக்குகிறது. அந்தப் புரதத்தை முழுதாக நீக்கினால் பி-லிம்போசைட் போன்ற மற்றச் செல்கள் பாதிக்கப்படும். 2013-இல் பாயர், ஆர்கின் குழுவினர் பி.சி.எல்.11ஏ மரபணுவுக்குள்ளேயே, சிவப்பணு முன்னோடிகளில் திறந்திருக்கும் மூன்று அதிநுண்ணுணர்வு இடங்களைச் சுட்டினார்கள்: தொடக்கத்திலிருந்து 55, 58, 62 ஆயிரம் கார இணை தொலைவில். இதில் 58-இல் உள்ள ஜி.ஏ.டி.ஏ.1 புரதம் உட்காரும் இடத்தை கிறிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவி கொண்டு கெடுத்தால், சிவப்பணு வரிசையில் மட்டும் பி.சி.எல்.11ஏ குறைகிறது, காமா குளோபின் திரும்புகிறது. காஸ்ஜெவி என்ற பெயரில் இதை பிரிட்டன் 2023 நவம்பரிலும், அரிவாள் செல் நோய்க்கு அமெரிக்கா 2023 டிசம்பரிலும், பீட்டா தலசீமியாவுக்கு அமெரிக்கா 2024 ஜனவரியிலும் அனுமதித்தன. நீலகிரிப் பழங்குடியினரிடையே 1952-இல் லேமனும் கட்புஷும் கண்டறிந்த அரிவாள் செல் கூறு உண்டாக்கும் நோய்க்கும் அடிப்படையில் இதே வழி பொருந்தும்.

ஆனால் இது ஊசி போட்டுவிட்டு வீட்டுக்கு வரும் சிகிச்சை அல்ல. நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லை எடுத்து, வெளியே திருத்தி, எலும்பு மஜ்ஜையை புசல்ஃபான் மருந்தால் காலிசெய்த பிறகு திருப்பி ஏற்றுகிறார்கள். நீண்ட மருத்துவமனை வாசம், கருவுறும் திறனுக்கு ஆபத்து, மிகப் பெரிய செலவு எல்லாம் உண்டு. பொருத்தமான உடன்பிறப்பு இருந்தால் மஜ்ஜை மாற்றத்தைப் பற்றி ரத்தநோய் நிபுணரிடம் முதலில் கேளுங்கள்.

கேள்வி: திறந்த வட்டாரம் எங்கே முடியும்? பக்கத்து மரபணுவும் சேர்ந்து திறந்துவிடாதா? – வாசகர், புதுச்சேரி

சில இடங்களில் திறந்துவிடும்; சில இடங்களில் வேலி உண்டு. கோழி பீட்டா குளோபின் தொகுதியின் முன்னெல்லையில் எச்.எஸ்.4 என்ற, சுமார் 1,200 கார இணைப் பகுதி இருக்கிறது. அதற்கு அப்பால் இறுகிய குரோமாட்டின் சுமார் 16,000 கார இணைக்கு நீள்கிறது. கேரி ஃபெல்சன்ஃபெல்ட் குழுவினர் 1993-இல் இதற்கு இன்சுலேட்டர் தன்மை இருப்பதைக் காட்டினார்கள். 1999-இல் சி.டி.சி.எஃப். புரதம் அங்கே ஒட்டுவதே என்ஹான்சரின் செல்வாக்கைத் தடுக்கிறது என்று தெரிந்தது. இறுக்கம் உள்ளே பரவாமல் தடுக்கும் வேலையை அதே பகுதியில் யு.எஸ்.எஃப். உள்ளிட்ட வேறு புரதங்கள் செய்கின்றன.

கேள்வி: கே562 என்ற மனித ரத்தப் புற்றுநோய்ச் செல்களில், திறந்த குரோமாட்டினைத் தேடும் அட்டாக்-செக் செய்தோம். வந்த வரிசைகளில் பாதிக்கு மேல் மைட்டோகாண்ட்ரியா. மிச்சத்திலும் ஏணி வடிவம் தெரியவில்லை. – முனைவர் பட்ட மாணவர், பெங்களூரு

டி.என்.5 என்ற டிரான்ஸ்போசேஸ் நொதி திறந்த இடங்களில் புகுந்து அடாப்டரைச் செருகும். 2013-இல் பியூன்ரோஸ்ட்ரோ, கிரீன்லீஃப், சாங் குழு கொண்டுவந்த முறை. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் நியூக்ளியோசோம் இல்லாததால் நொதிக்கு அது விருந்து. ஆகவே நொதி சேர்ப்பதற்கு முன்பே அதைக் கழுவித் தள்ளிவிட வேண்டும். ஆம்னி-அட்டாக் என்ற 2017-ஆம் ஆண்டு முறைக்கு மாறுங்கள்: 50,000 உயிருள்ள செல்களை 0.1 சதவீதம் என்.பி.-40, 0.1 சதவீதம் ட்வீன்-20, 0.01 சதவீதம் டிஜிட்டோனின் உள்ள கரைசலில் பனியில் மூன்று நிமிடம். உடனே ட்வீன் மட்டும் உள்ள கரைசல் ஒரு மில்லி லிட்டர் ஊற்றிக் கழுவி, 500 ஜி-யில் பத்து நிமிடம் சுழற்றுங்கள். மேலே நிற்கும் நீரில்தான் மைட்டோகாண்ட்ரியா போகிறது. அதை இரண்டு தடவையாகக் கவனமாக உறிஞ்சி எடுங்கள். பிறகு 50 மைக்ரோ லிட்டர் கலவையில் 37 டிகிரியில் 30 நிமிடம், ஆட்டிக்கொண்டே.

ஏணி, அதாவது நியூக்ளியோசோம் நீளங்களில் படிப்படியாக வரும் துண்டுகள், இல்லாததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். துண்டுகள் எல்லாமே 100-க்குக் கீழே குவிந்திருந்தால் செல்லின் எண்ணிக்கைக்கு நொதி அதிகம். 50,000 என்று நினைத்தது உண்மையில் 15,000-ஆக இருந்திருக்கும். எண்ணியதைக் கழுவிய பிறகு இன்னொரு முறை எண்ணுங்கள். துண்டுகள் ஆயிரத்துக்கு மேல் பெரிதாக இருந்தால் செல் கட்டியாகிவிட்டது அல்லது சவ்வு உடையவில்லை. மூன்றாவது சந்தேகம் இறந்த செல்கள். அவற்றின் டி.என்.ஏ. திறந்து கிடப்பதால் பின்னணி இரைச்சல் எங்கும் சமமாக ஏறும். உயிருள்ளவை 90 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் நொதி வேலைக்கு முன் டி.என்.ஏஸ் விட்டு அவற்றைத் தீர்த்து, நன்றாகக் கழுவுங்கள்.

பி.சி.ஆர்.-இல் முதலில் ஐந்து சுழற்சி மட்டும். பிறகு சிறு பகுதியை க்யூ.பி.சி.ஆர்.-இல் பார்த்து மேலும் எத்தனை வேண்டும் என்று முடிவுசெய்யுங்கள். பழக்கத்தில் பன்னிரண்டு என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்தால் ஒரே துண்டின் நகல்களுக்குப் பணம் கட்டுவீர்கள்.

முடிவு வந்த பிறகு, மரபணுத் தொடக்க இடங்களில் செறிவு எவ்வளவு என்று பாருங்கள். மனித மரபணுத் தொகுதிக்கு என்கோட் கூட்டமைப்பு 7-க்கு மேல் நல்லது, 5-க்குக் கீழ் கவலைக்குரியது என்று வைத்திருக்கிறது. இரட்டை முனை வாசிப்பில் மைட்டோகாண்ட்ரியாவும் நகல்களும் போக 5 கோடி வாசிப்புகள் தேவை. நொதி 9 எழுத்து இடைவெளியில் செருகுவதால், வாசிப்பின் தொடக்கத்தை நேர் இழையில் 4 முன்னும் எதிர் இழையில் 5 பின்னும் நகர்த்தினால்தான் புரதம் உட்கார்ந்த தடம் சரியான இடத்தில் விழும். சிகர எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது அவசியமில்லை.

கேள்வி: எங்கள் புத்தகத்தில் நியூக்ளியோசோம் சுருண்டு 30 நானோமீட்டர் இழையாகிறது என்று படம் போட்டிருக்கிறது. அப்படி ஒன்று இல்லை என்று ஆசிரியர் சொல்கிறார். தேர்வில் எதை எழுத? – பிளஸ் டூ மாணவி, நாகர்கோவில்

ஆய்வகக் குழாயில், உப்பின் அளவை மாற்றினால் அந்த இழை உருவாகும். உயிருள்ள மனித செல்லின் உட்கருவில் தேடியபோது அது பொதுவான அமைப்பாகத் தென்படவில்லை. 2017-இல் க்ளோடாக் ஓஷே குழுவினர் டி.என்.ஏ.வுக்கு மட்டும் சாயமேற்றி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முப்பரிமாணப் படம் எடுத்தபோது, 5 முதல் 24 நானோமீட்டர் வரை தடிமன் மாறிக்கொண்டே போகும் ஒழுங்கற்ற சங்கிலிகளையே கண்டார்கள். இறுகிய இடத்துக்கும் திறந்த இடத்துக்கும் வித்தியாசம் சங்கிலியின் தடிமனில் இல்லை, அது எவ்வளவு நெருக்கமாக அடைக்கப்பட்டிருக்கிறது என்பதில்தான் இருந்தது. விதிவிலக்காக, கோழிச் சிவப்பணு போன்ற சில செல்களில் 30 நானோமீட்டர் இழை தெரிந்திருக்கிறது.

தேர்வில் புத்தகத்தில் உள்ள படத்தையே வரையுங்கள், மதிப்பெண் அதற்குத்தான். படத்துக்குக் கீழே ‘உயிருள்ள செல்களில் இது உறுதிப்படவில்லை’ என்று ஒரு வரி சேர்த்தால் திருத்துபவர் குறைக்க மாட்டார்.